முத்துப்பாரும் விசைப்பலகையும்

2005ஆம் ஆண்டையொட்டிய காலம். தூத்துக்குடியில் நண்பர்கள் சிலர் கூடி, மறுபதிப்புக் காணாத பழைய உள்ளூர் வரலாற்று நூல்களைக் கணிப்பொறியில் ஏற்றி வந்தோம். எங்களில் எவரிடமும் சொந்தக் கணிப்பொறி கிடையாது. ஒரு பிரவுசிங் சென்டரே எங்கள் பணிக்கூடம். ஆங்கில விசைப்பலகையில் தமிழைத் தட்ட எ-கலப்பை என்னும் இலவச மென்பொருள் தேவைப்பட்டது. அதை நிறுவ நிர்வாகி உரிமை வேண்டும். கடைக்காரர் மறுத்துவிட்டார்.

"அண்ணாச்சி, தமிழ் தட்டுறதுக்குத்தான்" என்று கெஞ்சினோம்.

"தட்டுறது தமிழா இருந்தா என்ன தம்பி? நாளைக்கு இதே சிஸ்டத்துல ஒருத்தர் பாங்க் பாஸ்வேர்டு தட்டுவாரு. அதையும் இது பாக்கும்லா?" என்றார்.

தமிழுக்கு இடமில்லாத கடை என்று வெளியே வந்து பொருமினோம். அவர் சொன்னது சரி என்பது பின்னரே விளங்கிற்று. 'கடல்' என்னும் சொல்லைத் திரையில் காட்ட வேண்டுமானால், கே, ஏ, டி, ஏ, எல் என்று நாம் அழுத்தும் ஐந்து விசைகளையும் அம்மென்பொருள் வழியிலேயே இடைமறித்தாக வேண்டும். கடவுச்சொல் திருடும் நிரல் செய்வதும் அதே இடைமறிப்புத்தான். பிடித்த விசைகளைத் தமிழாக்கித் தருவதா, எங்கோ அனுப்பிவைப்பதா என்பதில் மட்டுமே இரண்டும் வேறுபடுகின்றன.

விசைப்பலகை, திரை, அச்சுப்பொறி, நெகிழ்வட்டு, பென் டிரைவ் ஆகிய துணைக்கருவிகளை எளிய பயனரின் கைக்கு நேரே விடலாமா என்பது கணிப்பொறி வரலாறு நெடுகிலும் தீராத வழக்கு. முத்துக்குளித்துறைக் கரைக்கு இவ்வழக்கு மிகப் பழையது.

கொற்கையில் முத்தெடுக்கும் பணியில் தண்டனைக் கைதிகள் ஈடுபடுத்தப்பட்டதாக, கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்ரியக் கடலின் பெரிப்ளூஸ்' குறிப்பிடுகிறது. பாண்டியர், போர்த்துகீசியர், 1658 முதல் டச்சுக்காரர், அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர் என்று ஆட்சிகள் மாறின. எவரும் பாரைக் குளிப்பவன் விருப்பத்துக்கு விட்டுவிடவில்லை. ஆங்கிலேயர் காலத்து நடைமுறையைப் பாருங்கள். முதலில் அதிகாரிகள் பாரைச் சோதிப்பர். மாதிரிக்குச் சிப்பிகளை எடுத்து, அவற்றின் முத்துக்களை மதிப்பிடுவர். தேறினால் மட்டுமே குளிப்பு அறிவிக்கப்படும். தோணிகள் மேற்பார்வையில் புறப்பட்டு மேற்பார்வையில் திரும்பும். சிப்பிகள் கொட்டு எனப்படும் அடைப்புக்குள் இறக்கப்பட்டு மூன்று பங்காகப் பிரியும். இரண்டு அரசுக்கு, ஒன்று குளித்தவர்க்கு. அரசின் பங்கு ஆயிரம் சிப்பி என்ற கணக்கில் ஏலம் போகும். இவ்வளவு காவலுக்கும் நடுவே, கரை சேருமுன் தோணியிலேயே சிப்பியைத் திறந்து முத்தை ஒளிப்பதும் நடந்தது.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காவல் காத்த எந்த அதிகாரிக்கும் மூச்சடக்கிக் கடலடிக்குச் செல்லத் தெரியாது. குளிப்பவனின் கை இல்லையேல் முத்து இல்லை.

இனி கணிப்பொறிக்கு வருவோம். தொடக்கக் காலத்தில் ஒருவர் பயன்படுத்தும்வரை பொறி முழுவதும் அவருடையது. நாடாச் சுருளையும் அச்சுப்பொறியையும் அவரது நிரலே நேரடியாக ஏவியது. 1961இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்படோ குழுவினர், ஒரே பொறியைப் பலர் நேரம் பங்கிட்டுப் பயன்படுத்தும் முறையைச் செய்துகாட்டியபோது அது மாறத் தொடங்கியது. ஒருவர் நிரல் மற்றவர் தரவை அழித்துவிடக் கூடாதே! எனவே மேற்பார்வை நிரல் ஒன்று நடுவில் அமர்ந்தது. கருவி எதுவானாலும் அதனிடம் விண்ணப்பித்தே பெற வேண்டும். 1969இல் உருவெடுத்த யூனிக்ஸ், கருவிகளையும் கோப்புகளாகவே கருதி, யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று ஒவ்வொன்றுக்கும் உரிமை வகுத்தது. கொட்டு கட்டப்பட்டுவிட்டது.

1981இல் வந்த ஐ.பி.எம். தனிக் கணிப்பொறியும் அதன் டாஸ் இயங்குதளமும் அந்த வேலியைப் பிடுங்கி எறிந்தன. எந்த நிரலும் திரை நினைவகத்தில் நேரே எழுதலாம், வட்டின் எந்த மூலையையும் தொடலாம். பாதுகாப்பு நோக்கில் இது பெரும் பின்னடைவு என்பார்கள். தமிழர்களாகிய நாம் அவ்வளவு விரைவாகத் தலையாட்ட முடியாது. ஆங்கிலம் மட்டுமே அறிந்த பொறியில் தமிழெழுத்தைக் காட்ட, இயங்குதளத்தைச் சுற்றிச் சென்று கருவிகளை நேரே தொடுவது அன்று பொதுவான வழி. கனடாவில் பிறந்த ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறன் ஆக்கிய முரசு முதலியன வெளிவந்த 1980கள் அந்தத் திறந்த வாசலின் காலம். அனுமதி கேட்டுத்தான் நுழைய வேண்டும் என்றிருந்தால், யாரிடம் கேட்டிருப்போம்? எத்தனை ஆண்டு காத்திருப்போம்?

அதே வாசல் வழியே மற்றவர்களும் வந்தனர். 1986இல் லாகூர்ச் சகோதரர் இருவர் எழுதிய 'பிரெய்ன்' நச்சுநிரல், நெகிழ்வட்டின் தொடக்கப் பகுதியில் நேரே தன்னை எழுதிக்கொண்டு நாடு நாடாகப் பரவியது.

1993இல் வந்த விண்டோஸ் என்.டி. வேலியை மீண்டும் கட்டியது, 2001இல் எக்ஸ்.பி. வழியாக அது வீடுகளுக்கும் வந்தது. ஆனால் வீட்டில் எல்லோருமே நிர்வாகி! பென் டிரைவைச் செருகியதும் அதிலுள்ள நிரல் தானே ஓடுவதற்கும் வசதி இருந்தது. 2008இல் தோன்றிய கான்ஃபிக்கர் இந்த வசதியையும் பயன்படுத்திப் பரவியது.

2012இல் விசாகப்பட்டினக் கடற்படைத் தலைமையகக் கணிப்பொறிகளில் நச்சுநிரல் புகுந்த செய்தி வெளியானது. அவை இணையத்தோடு இணைக்கப்படாத பொறிகள். பென் டிரைவுக்கு அங்கே தடையும் இருந்தது. ஆயினும் பென் டிரைவ் நுழைந்தது. அந்நிரல் கோப்புகளை அதில் மறைவாகச் சேர்த்து, இணையமுள்ள பொறியில் அது செருகப்பட்டதும் வெளியே அனுப்பியது. தோணியில் ஒளித்த முத்து கரையேறிய கதைதான்.

நமது கரைக்கும் இச்செய்தி வந்தது. 2019 அக்டோபரில், கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த கணிப்பொறி ஒன்றில் நச்சுநிரல் இருந்ததை இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அணு உலையை இயக்கும் கட்டமைப்பு தனியே பிரிக்கப்பட்டிருந்ததால் பாதிப்பில்லை என்றும் அறிவித்தது. வல்லுநர்கள் அதை டிராக் வகை என்று அடையாளம் கண்டனர். அவ்வகை நிரல்களின் வேலைகளுள் ஒன்று என்ன தெரியுமா? அழுத்தப்படும் விசைகளைப் பதிவு செய்வது. அண்ணாச்சியின் அச்சம் அச்சு மாறாமல்.

இன்று கேள்வி இன்னும் சிக்கலாகிவிட்டது. பென் டிரைவ் ஒன்று தன்னை விசைப்பலகை என்று சொல்லிக்கொண்டால் கணிப்பொறி நம்பிவிடும் என்று 2014இல் ஜெர்மானிய ஆய்வாளர் கார்ஸ்டன் நோல் குழுவினர் காட்டினர். 2017இல் கூகுளின் குரோம் உலாவி, பயனர் ஒப்புதல் அளித்தால் வலைப்பக்கமே யு.எஸ்.பி. கருவியோடு நேரே பேசலாம் என்றது. பயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லா அதை ஏற்க மறுத்தது. ஒரு பெட்டி தோன்றி 'சம்மதமா?' என்று கேட்டால் போதுமாம். எதற்குச் சம்மதிக்கிறோம் என்று அறிந்து அழுத்துபவர் எத்தனை பேர்? பாரைச் சோதித்து, மாதிரி எடுத்து, மதிப்பிட்ட பிறகே தோணியை விட்டவர்கள் இதைக் கண்டால் சிரிப்பார்கள்.

தூத்துக்குடிப் பகுதியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. பிரவுசிங் சென்டரும் இன்று இல்லை. எங்கள் வழக்கு எப்படி முடிந்தது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறோம். ஒரு வாரம் கழித்து அண்ணாச்சியே கூப்பிட்டு, மூலையில் இருந்த பழைய பொறி ஒன்றில் தம் கையாலேயே எ-கலப்பையை நிறுவித் தந்தார். அதன் இணைய வடத்தைக் கழற்றிவிட்டார். முடித்த பக்கங்களை நெகிழ்வட்டில் ஏற்றி, அவர் மேசையிலிருந்த பொறியில் சோதித்த பிறகே வெளியே கொண்டுபோகலாம். ஏறத்தாழ இரண்டாண்டுகள் அங்கே அமர்ந்து தட்டினோம்.