பேராசிரியர் பிபிலேயும் நமது மருந்துச் சிட்டைகளும்

சாதாரண தடிமனுக்கு வைத்தியரிடம் சென்று திரும்புபவர் கையில் நாலைந்து மருந்துச் சரைகளைக் காண்பது நமக்குப் புதிதன்று. தடிமன் வைரசினால் வருவது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து அதற்குப் பயன்படாது. ஆயினும் அச்சரைகளுள் அதுவும் ஒன்றாக இருப்பதுண்டு. எது அவசியம், எது அநாவசியம் என்ற கேள்வியை அரை நூற்றாண்டுக்கு முன்னரே அரச கொள்கையாக மாற்றியவர் இலங்கையின் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே.

மருத்துவர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து அவர் தயாரித்த அறிக்கையின் பயனாக 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. பிபிலே அதன் முதல் தலைவரானார். ஒரே மருந்து பல வர்த்தகப் பெயர்களில் பல விலைகளுக்கு விற்பனையாகிய காலம் அது. தனியார் துறைக்கு இறக்குமதியான சுமார் 2,100 மருந்துகள் ஏறக்குறைய 600 ஆகக் குறைக்கப்பட்டன. உலகளாவிய கேள்விப்பத்திரங்கள் மூலம் கொள்வனவு நடைபெற்றது. வர்த்தகப் பெயர்களுக்குப் பதிலாகப் பொதுப்பெயர்கள் முன்னிறுத்தப்பட்டன.

எதிர்ப்பும் எழாமலில்லை. 1974 இல் வாந்திபேதி பரவியபோது, கூட்டுத்தாபனம் வழங்கிய மூலப்பொருளிலிருந்து டெட்ராசைக்கிளின் தயாரிக்க அமெரிக்க நிறுவனமான பைசர் மறுத்ததைச் சஞ்சய லாலும் பிபிலேயும் எழுதிய கட்டுரை பதிவு செய்துள்ளது. மலிவான மருந்துகளின் தரம் குறித்து வைத்தியர்கள் சிலர் எழுப்பிய ஐயத்தையும் முற்றாகப் புறந்தள்ள இயலாது. தரப் பரிசோதனை இன்றி விலைக்குறைப்பு மட்டும் போதாது.

எனினும் பிபிலேயின் கொள்கையை வெறும் விலைக்குறைப்புத் திட்டமாகக் காண்பது தவறு. மருந்துகளின் பட்டியல் சுருங்கினால் வைத்தியம் குறைந்துவிடாது, மாறாகச் செம்மையடையும் என்பதே அதன் சாரம். வைத்தியரின் பேனாவை வழிநடத்த வேண்டியது விஞ்ஞானமே தவிர விற்பனைப் பிரதிநிதியல்ல.

1977 இல் உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில், ஐக்கிய நாடுகள் பணிக்காகச் சென்றிருந்த கயானாவில் பிபிலே காலமானார். ஆட்சி மாறியதும் திறந்த பொருளாதாரம் வந்தது; அவர் கட்டியெழுப்பிய கட்டுப்பாடுகள் தளர்ந்தன. தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் நிறைவேற 2015 வரை காத்திருக்க நேர்ந்தது.

சட்டத்தால் மருந்துகளைப் பதிவு செய்யலாம், விலைகளை வரையறுக்கலாம். ஆனால் நோயாளிக்காக அது வாய்திறந்து பேசாது. "டொக்டர், இந்த மருந்து எதற்கு? இது இல்லாமல் சுகமாகாதா?" என்று நாம்தான் கேட்கவேண்டும். அக்கேள்வி வைத்தியரை அவமதிப்பதாகாது. பேராசிரியர் ஒருவர் ஒரு நாட்டின் சார்பில் கேட்ட கேள்வியே அது.