கலப்பு மேகம்

ஹைப்ரிட் கிளவுட் என்பதற்குத் தமிழில் வழங்கும் பெயர். ஒரு நிறுவனம் தனக்கென வைத்துள்ள தனியார் மேகத்தையும், அமேசான், மைக்ரோசாஃப்ட் போன்றவை வாடகைக்குத் தரும் பொது மேகத்தையும் இணைத்து இயக்கும் கணினி அமைப்பைக் குறிக்கும்.

‘ஹைப்ரிட்’ லத்தீன் வழி வந்த சொல். வீட்டுப் பன்றிக்கும் காட்டுப் பன்றிக்கும் பிறந்த குட்டிக்கு அங்கே அந்தப் பெயர். ‘மேகம்’ பொறியாளர்களின் வரைபடத்திலிருந்து வந்தது: உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டத் தேவையில்லாத வலையமைப்பை ஒரு மேகமாக வரைந்துவிடுவது அவர்கள் வழக்கம்.

அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2011இல் தந்த வரையறைப்படி, இணையும் மேகங்கள் தம் தனித்தன்மையை இழப்பதில்லை. தரவும் செயலியும் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்வர வழி இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே இது பாலும் நீரும் போன்ற கலப்பு அன்று. வங்கி ஒன்று கணக்கு விவரங்களைத் தன் சொந்தத் தரவு மையத்தில் வைத்துக்கொண்டு, பண்டிகைக் காலக் கூட்டத்தைப் பொது மேகத்துக்குத் திருப்பிவிடலாம். வடிவமைப்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது எந்தத் தரவு எங்கே இருக்கும் என்பதையே. இணைப்பின் வேகம், பாதுகாப்பு, தரவை வெளியே எடுக்கும் கட்டணம் எல்லாம் அதைப் பொறுத்தவை.

கூட்டம் மிகும்போது இப்படிச் சுமை பொது மேகத்துக்கு வழிந்தோடுவதை ஆங்கிலத்தில் ‘கிளவுட் பர்ஸ்டிங்’ என்பர். அதை ‘மேக வெடிப்பு’ என்று பெயர்த்தால் வெள்ளச் செய்தி நினைவுக்கு வரும். ‘சுமை வழிவு’ எனலாம். ‘ஹைப்ரிட்’டுக்குத் தரப்படும் ‘கலப்பின’ என்ற அடையும் மாட்டுக்கும் சோளத்துக்குமே பொருந்தும். கணினிக்குக் ‘கலப்பு’ போதும்.