சிகரமும் சுனையும்: அண்ணாமலை நாட்டின் பழைய வழிகள்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய ஜவ்வாது மலை தெற்கே சரிந்து செங்கத்துச் சமவெளியில் அடங்கிவிட, அதற்குக் கிழக்கே, எந்தத் தொடரோடும் உறவு கொண்டாடாமல் தனித்தே எழுந்து நிற்கும் கருங்கல் மலைதான் திருவண்ணாமலை. உயரம் 2,669 அடி. உலகத்துப் பெருமலைகளின் வரிசையில் இதற்கு இடமில்லை. ஆயினும் வடக்கே பர்வதமலை, அதற்கப்பால் ஜவ்வாதின் அருவிகளும் சிற்றேரிகளும், அம்மலையிலே பிறந்து பாலாற்றைத் தேடிச் செல்லும் செய்யாறு, தெற்கே தென்பெண்ணை என்று சிகரமும் நீரும் மாறிமாறி வரும் இப்பிரதேசத்தில், மலையேறுவதும் சுனை தேடுவதும் மிகப் பழைய பழக்கங்கள்.

ஐரோப்பியர் ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங்க் சிகரத்தை முதன்முதலில் எட்டியது 1786இல். லண்டனில் மலையேறுவோருக்கென்று ஒரு சங்கம் அமைந்தது 1857இல். அதுவரை சிகரங்கள் அவர்களுக்குப் பெரும்பாலும் அச்சத்திற்குரிய இடங்களாகவே இருந்தன. பின்னர் அவை வெல்லப்பட வேண்டியவை ஆயின. அச்சத்துக்கும் வெற்றிக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு பாவனையும் உண்டு என்பதற்கு அண்ணாமலை நாட்டின் சரித்திரமே சாட்சி.

அந்தச் சரித்திரத்தின் முதல் ஏடு பத்துப்பாட்டிலே கிடைக்கிறது. பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் 583 அடிகளில் பாடிய மலைபடுகடாம், செங்கண்மா என்னும் ஊரிலிருந்து ஆண்ட நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு வழி சொல்லும் நூல். செங்கண்மாவே இன்றைய செங்கம். நூலில் வரும் நவிரமலையைப் பர்வதமலையென்றும், சேயாற்றைச் செய்யாறென்றும் அறிஞர் கொள்வர். வள்ளலைப் புகழ வந்த புலவர், புகழ்ச்சியை ஓரளவில் நிறுத்திக்கொண்டு, வழியைப் பற்றி இவ்வளவு விரிவாகப் பேசியிருப்பது வியப்புக்குரியது. மலைப்பயணத்தைத் தொழிலாகக் கொண்டவன்கூட இவ்வளவு கரிசனத்தோடு எச்சரிக்கமாட்டான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

காட்டுப்பன்றிகளுக்காக வைத்திருக்கும் கற்பொறிகள் வழியிலே உண்டு, ஆகையால் விடிந்தபின் நடங்கள் என்கிறார்; பாம்புகள் குழிகளில் மறைந்திருக்கும், கைகுவித்து வணங்கி விலகிச் செல்லுங்கள் என்கிறார்; தினைப்புனங் காப்போர் யானையை விரட்டக் கவணில் எறியும் கல் உயிரைக் கொண்டுபோகக் கூடியது, மரத்தின் மறைவிலே நின்று தப்பிக்கொள்ளுங்கள் என்கிறார்; பாசி படர்ந்த வழுக்குப் பாறைகளில் கொடிகளைப் பற்றிக்கொண்டு இறங்கச் சொல்கிறார்; இரவு வந்தால் குகைகளில் உங்கள் வீட்டைப்போலவே தங்கலாம் என்று தைரியமும் சொல்கிறார். பாதைகள் பிரியும் இடத்தில், பின்னால் வருவோர் தடுமாறாதபடி புல்லை முடிந்து அடையாளம் வைத்துச் செல்லுங்கள் என்று அவர் கூறுவதுதான் எல்லாவற்றினும் என் மனத்தைக் கவர்ந்தது. முன்னே செல்பவன் பின்னே வருபவனுக்குக் கடமைப்பட்டவன் என்ற அந்த எண்ணம், முதலில் ஏறியவன் பெயரைப் பொறித்துக்கொள்ளும் பிற்கால வழக்கத்தோடு எவ்வளவு மாறுபடுகிறது!

அருவியையும் அந்நூல் காட்சியாகக் காட்டுவதைவிட ஓசையாகவே மிகுதியும் காட்டுகிறது. அருவியில் ஆடும் மகளிரின் ஆரவாரம், புண்பட்ட கானவர்க்காக அவர்தம் மனைவியர் பாடும் பாட்டு, தேன் எடுப்போரின் கூச்சல், குன்றக் குறவர் ஆடும் குரவை என்று ஒலிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, மலை முழுவதையும் மதம் பிடித்த யானையாகப் புலவர் கற்பிக்கிறார். ஏட்டுச் சுவடிகளில் கிடந்த இப்பாட்டை, பத்துப்பாட்டு முழுவதோடும் நச்சினார்க்கினியர் உரையோடும் 1889இல் அச்சேற்றித் தந்தவர் உ. வே. சாமிநாதையர்.

வழியிலே நடுகற்கள் இருக்கும், அவற்றைத் தொழுது யாழிசைத்துச் செல்லுங்கள் என்றும் மலைபடுகடாம் கூறுகிறது. கவியின் கற்பனையென்று யாரேனும் ஐயுற்றால், செங்கம் வட்டாரத்தைச் சுற்றிவந்தாலே அந்த ஐயம் தீர்ந்துவிடும். ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் உயிர்நீத்த வீரர்களுக்குப் பல்லவர் காலத்தில், சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் ஆகியோர் ஆட்சியாண்டுகளைக் குறித்து, எழுப்பப்பட்ட கற்கள் அங்கே வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் ஏராளமாகக் கண்டெடுக்கப்பட்டன. தமிழ்நாடு அரசின் தொல்பொருள் துறை 1972இல் அவற்றைச் 'செங்கம் நடுகற்கள்' என்ற பெயரிலே தனி நூலாகவே வெளியிட்டது.

பர்வதமலை இன்றும் ஏறுவோர் மலையாகவே இருக்கிறது. உச்சியிலே மல்லிகார்ச்சுனரும் பிரமராம்பிகையும் எழுந்தருளியிருக்கும் கோயிலை அடைய, பாறையிலே அடித்த கடப்பாறைகளையும் இரும்புச் சங்கிலிகளையும் பற்றிக்கொண்டுதான் கடைசிப் பகுதியைக் கடக்கவேண்டும். பௌர்ணமி இரவுகளில் வயோதிகர்களும் கைக்குழந்தைக்காரிகளும்கூட அந்தச் செங்குத்தில் ஏறுவதைக் கண்டவர்கள், கூத்தரும் விறலியரும் யாழைச் சுமந்துகொண்டு இம்மலைகளைக் கடந்தார்கள் என்பதை நம்பத் தயங்கமாட்டார்கள்.

அண்ணாமலையின் கதை வேறு. இங்கே மலையே லிங்கம். ஆகவே அதைச் சுற்றிவருவதே முறை, மிதிப்பது அபசாரம் என்ற கொள்கை வேரூன்றிவிட்டது. கிரிவலப் பாதை ஏறக்குறைய 14 கிலோமீட்டர். சிகரத்தை எல்லாத் திசைகளிலிருந்தும் பார்த்துக்கொண்டே, அதன்மேல் கால் வைக்காமல் திரும்பிவிடுவதையே யாத்திரையின் நிறைவாகக் கருதும் மக்கள் உலகில் மிகச் சிலரே. கயிலையங்கிரியைச் சுற்றிவருவோர் அவர்களில் சேர்வர்.

ஆனாலும் மலைமேல் மனிதர் வாழாமல் இல்லை. அவர்கள் எங்கே வாழ்ந்தார்கள் என்பதைத் தண்ணீரே தீர்மானித்தது. 1896ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி இவ்வூரை வந்தடைந்த ரமண மகரிஷி, 1899 முதல் 1916 வரை விரூபாட்சி குகையில் இருந்தார். கோடையில் அங்கே நீர் வற்றிவிடும்; ஆதலால் அம்மாதங்களில் முலைப்பால் தீர்த்தத்திற்கு அருகே உள்ள மாமரத்துக் குகைக்கு இடம் மாறுவார். பின்னர் கந்தசாமி என்ற அன்பர், இன்னும் சற்று உயரத்தில் ஊற்று உள்ள ஓரிடத்தைத் திருத்தி அமைக்க, அது அவர் பெயராலேயே கந்தாசிரமம் ஆயிற்று. 1922இல் மகரிஷியின் அன்னையார் மறைந்து, மலையடிவாரத்தில் பாலி தீர்த்தத்தின் அருகே சமாதி எழுந்தபின், மகரிஷியும் கீழே வந்துவிட்டார். ஞானியரின் வாசஸ்தலங்களை ஆராயும் பக்தர்கள் தெய்வ சங்கல்பத்தை மட்டும் கருதுகிறார்கள். ஊற்றுக்கண்ணுக்கும் அதில் சிறிது பங்குண்டு என்பது என் எண்ணம்.

கந்தாசிரமத்துக்கு மேலே செல்பவர்கள் ஏழு சுனையைக் கடந்து உச்சிக்குப் போவார்கள். கீழேயோ, மலையில் பெய்த மழை குளங்களாகவும் ஏரிகளாகவும் தங்கியது. கோயிலுக்குள் சிவகங்கை, பிரம்ம தீர்த்தம், வெளியே ஐயங்குளம், ஊரை ஒட்டிச் சமுத்திரம் ஏரி, வேங்கிக்கால் ஏரி. ஆயிரங்கால் மண்டபத்தையும் அதற்கெதிரே உள்ள சிவகங்கைத் திருக்குளத்தையும் அமைத்தவர் கிருஷ்ணதேவராயர். 217 அடி இராஜகோபுரத்தை அவர் தொடங்க, தஞ்சையை ஆண்ட சேவப்ப நாயக்கர் முடித்துவைத்தார். கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பவர்கள் குளத்தையும் சற்றுக் குனிந்து பார்க்கலாம். வறண்ட நாட்டு அரசர்களுக்கு இரண்டாவது கட்டடம் முதலாவதைவிட அவசியமானது.

சிகரத்தையும் ஏரியையும் இணைக்கும் மனிதர்களைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கார்த்திகை தீபத்தன்று மலையுச்சியில் ஜோதி ஏற்றும் பரம்பரை உரிமை, வேதியர்க்கோ வேந்தர் வழியினர்க்கோ உரியதன்று. ஆற்றிலும் ஏரியிலும் வலை வீசி வாழ்ந்த பர்வதராஜ குலத்தினருக்கு உரியது. கொப்பரை, ஆயிரக்கணக்கான கிலோ நெய், திரித்துணி ஆகிய அனைத்தும் மனிதர் தோள்களிலேயே உச்சியை அடைகின்றன. அதிகாலை கோயிலில் பரணி தீபம். மாலையில் அர்த்தநாரீசுவரர் வெளிவந்து கணநேரம் காட்சி தரும்போது மலைமேல் மகாதீபம். அது பதினொரு நாட்கள் எரியும். பின்னர் கொப்பரை இறங்கிவரும். அதில் திரண்ட மை ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்தப்பட்டு மக்களுக்குப் பிரசாதமாகும். நீரோடு உறவுடையோர் நெருப்பைச் சுமக்கிறார்கள் என்பதற்குப் புராணத்தார் பார்வதியின் தந்தை மலையரசனை இக்குலத்தோடு சேர்த்து ஒரு கதை சொல்வர். கதை எப்படியாயினும், சிகரம் இங்கே ஒரு சிலருடைய சாகசத்துக்கன்றி ஓர் ஊரின் பொதுவேலைக்கு உரியதாக இருந்துவந்திருக்கிறது என்பது தெளிவு.

அண்ணாமலைக்கு அப்பால், ஜவ்வாதின் மேலே சாமையும் தினையும் விளைவிக்கும் மலையாளிப் பழங்குடியினர், தாங்கள் காஞ்சியிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்று சொல்லிக்கொள்வர். ஜமுனாமரத்தூருக்கு அருகே பீமன் அருவிக்குச் சுற்றுலாப் பயணிகள் செல்லத் தொடங்கியது அண்மைக் காலத்துச் செய்தி. தென்பெண்ணையில் சாத்தனூர் அணை 1958இல் எழுந்தபோது இந்நாட்டுக்கு முதன்முறையாகக் கண்ணுக்கெட்டிய மட்டும் நீர்ப்பரப்பு வாய்த்தது.

2024 டிசம்பர் முதல் நாள், புயல்மழையில் அண்ணாமலையின் சரிவொன்று பெயர்ந்து அடிவாரத்து வீடுகளின்மேல் விழ, ஏழு உயிர்கள் மாண்டன. மரங்கள் அழிந்த சரிவிலும் பாறை உருளும் இடங்களிலும் வீடுகள் ஏறிக்கொண்டே போவதை இவ்வூர் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அதே மாதம் 13ஆம் தேதி தீபத்திருநாள். மண் ஈரமாயிருந்த காரணத்தால் பொதுமக்கள் மலையேற அரசு தடை விதித்தது. கொப்பரையையும் நெய்யையும் திரியையும் சுமக்கும் பணியாளர்களும், தீபமேற்றும் உரிமையுடையவர்களும், காவலர்களும் மட்டுமே ஏறினார்கள். லட்சக்கணக்கான மக்கள் கீழேயே நின்று, வழக்கம்போல் மலையைச் சுற்றினார்கள்.