போலி ஈயும் மீனின் பசியும்

போலி ஈயைத் தூண்டிலில் கட்டி மீன் பிடித்ததைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய விரிவான குறிப்பு, கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த உரோம எழுத்தாளர் ஈலியனுடையது. மாசிடோனியாவின் அஸ்த்ரேயஸ் ஆற்றில் புள்ளிமீன்கள் நீர்மேல் பறக்கும் ஒருவகை ஈயைத் தின்றன. அந்த ஈயையே இரையாக்க இயலவில்லை. கைபட்டதும் நிறம் கெட்டுச் சிறகு வாடிவிடும். ஆகவே மீனவர் முள்ளில் செந்நிறக் கம்பளியைச் சுற்றிச் சேவலிறகு இரண்டைப் பொருத்தினர். கோல் ஆறடி, கயிறும் ஆறடி.

டிரவுட் மீனுக்கு ஈ தேர்வோர் இன்றும் முதலில் நோக்குவது அதன் இரையையே. சால்மனுக்கு இவ்விதி பொருந்தாது. முட்டையிடக் கடலிலிருந்து ஆறேறும் அட்லாண்டிக் சால்மன் பெரும்பாலும் உண்பதே இல்லை. எனவே 19ஆம் நூற்றாண்டுப் பிரித்தானியர் எப்பூச்சியையும் ஒத்திராத வண்ண ஈக்களைக் கட்டினர். அகன்ற ஆறுகளில் அவற்றை வீச இருகைக் கோல்களை ஏந்தினர். கோலும் ஈயும் வேறுபட்டதற்கு மீனின் வாழ்க்கையே காரணம்.