மூடிய சிப்பியும் பித்தளைச் சல்லடையும்

விளையாட்டுகளுக்கென்றே ஒரு கணிப்பொறியைச் சொந்தமாகக் கோத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை எங்கள் நண்பர் குழுவுக்கு 2002இல் வந்தது. நால்வருமே தூத்துக்குடிக்காரர்கள். டியூஷன் எடுத்துச் சேர்த்த பணமும், ‘படிப்புக்கு’ என்று சொல்லி வீட்டில் வாங்கிய பணமும்தான் முதல். எங்களில் ஒருவர் முத்துநகர் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய் ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கி வருவது என்று ஏற்பாடு. அதற்கு முன் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பட்டியல் போட்டோம். ஒரே நிறுவனம் செய்த, பார்வைக்கு வேறுபாடே தெரியாத இரண்டு பிராசஸர்களுக்கு நடுவே விலை ஏன் இத்தனை விலகி நிற்கிறது என்ற கேள்வி அன்று எழுந்தது. யாருக்கும் விடை தெரியவில்லை. பல ஆண்டுகள் கழித்து, எங்கள் கடற்கரையின் முத்துக்குளிப்பு வரலாற்றை வாசித்தபோதுதான் அது துலங்கியது.

கணிப்பொறியைப் பாகம் பாகமாக வாங்கிக் கோக்க முடிகிறது என்பதே ஒரு வரலாற்று விபத்து எனலாம். 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனிநபர் கணிப்பொறியை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, பெரும்பாலும் வெளியே கிடைத்த பாகங்களையே கொண்டு அதை அமைத்தது. சுற்றமைப்பு விவரங்களையும் கையேடாக வெளியிட்டது. தனக்கென்று வைத்துக்கொண்டது பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளை மட்டுமே. அதையும் காம்பேக் முதலிய நிறுவனங்கள் சட்டத்துக்கு உட்பட்டே புதிதாக எழுதிக்கொண்டன. அதன்பின் மதர்போர்டு ஒருவரிடமும் மெமரி இன்னொருவரிடமும் வாங்கிப் பொருத்துவது சாத்தியமாயிற்று. இந்தியாவில் 1984ஆம் ஆண்டின் கணிப்பொறிக் கொள்கை இறக்குமதியைத் தளர்த்தியது. 1997இல் தகவல் தொழில்நுட்பப் பொருட்களுக்கான உலக வர்த்தக உடன்படிக்கையில் இந்தியா இணைந்தது. சுங்கவரி படிப்படியாகக் குறைந்து 2005இல் பெரும்பாலும் நீங்கியது. எங்கள் பட்டியல் அந்த இடைக்காலத்தைச் சேர்ந்தது.

*

இனி முத்துக்கு வருவோம். பாண்டியரின் துறைமுகமான கொற்கை, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் கடலை விட்டு விலகி உள்நாட்டுச் சிற்றூராகக் கிடக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் கையேடான பெரிப்ளூஸ், அங்கே தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக்குளிக்கப்பட்டது என்று குறிப்பிடுகிறது. பின்னர் போர்த்துகீசியர், 1658 முதல் டச்சுக்காரர், இறுதியாக ஆங்கிலேயர் என்று இக்கடற்கரை கைமாறிக்கொண்டே இருந்தது. சிப்பிப் பார்களில் மூழ்கி எழுந்தவர்கள் பெரும்பாலும் பரதவரும் முஸ்லிம் குளியாட்களும்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கு நடந்த சலாபங்களில் சிப்பிகள் மூன்று பங்காக வைக்கப்பட்டன. இரண்டு பங்கு அரசுக்கு, ஒன்று குளியாட்களுக்கு. அரசின் பங்கு அன்றே ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் விடப்பட்டது. இதில் கவனிக்க வேண்டியது, சிப்பிகள் திறக்கப்படாமலே விற்கப்பட்டன என்பது. உள்ளே முத்து இருக்கிறதா இல்லையா என்பது அரசுக்கும் தெரியாது, ஏலம் எடுத்தவருக்கும் தெரியாது, உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவருக்கும் தெரியாது. வாங்கியவர் சிப்பிகளை அழுகவிட்டு, கழுவி, அரித்துப் பார்த்த பிறகுதான் தெரியும்.

அதற்கு அடுத்த கட்டத்தில் சூதாட்டம் கிடையாது. மன்னார் வளைகுடாவின் முத்து வணிகர்களிடம் ‘பெட்டி’ எனப்பட்ட பித்தளைச் சல்லடைகள் இருந்தன. ஒரே அளவிலான பத்துக் கிண்ணங்கள். முதலாவதில் 20 துளைகள், பிறகு 30, 50, 80, 100, 200, 400, 600, 800, கடைசியில் 1000. துளைகள் கூடக்கூட அவற்றின் விட்டம் குறையும். இருபதாம் பெட்டியில் தங்கிய முத்து பெரியது. ஆயிரத்தையும் கடந்து விழுந்தது தூள். பிறகு உருட்சியும் ஒளியும் பார்த்து, குறையற்றதை ஆணி என்று தனியே எடுத்தார்கள். ஆணிமுத்து என்ற சொல் நம்மிடம் இன்றும் இருக்கிறது. ஒரே பாரில், ஒரே நாளில், ஒரே கையால் எடுக்கப்பட்ட முத்துகளின் விலையை இந்தச் சலிப்பே பிரித்தது.

*

பிராசஸரின் கதையும் இதுவே. சிலிக்கான் தகடு ஒன்றில் ஒரே வடிவச் சில்லுகள் நூற்றுக்கணக்கில் ஒன்றாக அச்சாகின்றன. ஆனால் அவை ஒன்றுபோல் வாய்ப்பதில்லை. சில மிக வேகமாக இயங்கும், சில அந்த வேகத்தில் தடுமாறும், சிலவற்றில் ஒரு மூலை பழுதாக இருக்கும். சோதித்து, வேகத்துக்கு ஏற்பப் பிரித்து, பழுதான பகுதியை முடக்கி, வெவ்வேறு பெயரிட்டு விற்கிறார்கள். 1991இல் இன்டெல் வெளியிட்ட 486 எஸ்.எக்ஸ். என்பது, தொடக்கத்தில் கணக்கீட்டுப் பகுதி முடக்கப்பட்ட 486 டி.எக்ஸ். சில்லுதான். எங்கள் கேள்விக்கான விடை இதுவே: நாங்கள் விலை கொடுத்தது எந்தப் பெட்டியில் தங்கியது என்பதற்கு.

ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. முத்து தன் அளவால்தான் ஒரு பெட்டியில் தங்குகிறது. சில்லு அப்படியல்ல. உற்பத்தி நன்கு தேறியபின் கிட்டத்தட்ட எல்லாச் சில்லுகளும் உயர்தரமாக வாய்க்கத் தொடங்கும். மலிவு விலைச் சந்தையையும் நிரப்ப வேண்டுமே! எனவே நல்ல சில்லுகளே தாழ்ந்த பெயருடன் வெளிவரும். ஆணிமுத்தைத் தூள் பெட்டியில் போட்டு விற்பது போன்றது இது.

1998 ஆகஸ்டில் வந்த செலரான் 300ஏ இதற்குப் புகழ்பெற்ற சான்று. ஆயிரம் எண்ணிக்கையில் வாங்குவோருக்கு அதன் விலை 149 டாலர். அதே மாதம் வந்த பென்டியம் 2-இன் 450 மெகாஹெர்ட்ஸ் வகைக்கு 669 டாலர். (சிப்பியைப் போலவே இங்கும் விலை ஆயிரத்துக்குத்தான்.) மதர்போர்டின் வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் பெரும்பாலான 300ஏ சில்லுகள் 450இல் ஓடின. 2000இல் ஏ.எம்.டி. வெளியிட்ட ட்யூரானில் வேகப் பெருக்கியைப் பூட்டும் இணைப்புகள் சில்லின் மேற்பரப்பிலேயே துண்டிக்கப்பட்டிருந்தன. சாதாரண பென்சிலால் அவற்றின் குறுக்கே கோடு கிழித்தால், கிராஃபைட் வழியே மின்சாரம் பாய்ந்து பூட்டுத் திறந்தது. முன்பின் அறியாத இளைஞர்கள் இதைக் கண்டறிந்து ஒருவருக்கொருவர் இலவசமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். முத்து வரலாற்றில் இதற்கு இணை இல்லை. அங்கே சல்லடை வணிகரின் கையிலேயே இருந்தது. குளியாள் தன் பங்குச் சிப்பிகளைக் கரையேறியதுமே சில்லறை வணிகர்களிடம் விற்றுவிடுவது வழக்கம்.

*

நாங்களும் பழைய கையிருப்பில் கிடைத்த ஒரு 700 மெகாஹெர்ட்ஸ் ட்யூரானை வாங்கிப் பென்சிலைக் கூராக்கினோம். 850இல் ஓடியது. மிச்சமான பணத்தில் ஓரளவு நல்ல கிராபிக்ஸ் கார்டு வாங்க முடிந்தது. மே மாத வெயிலில் அடிக்கடி நின்றுபோகவே 800க்கு இறக்கிக்கொண்டோம். மூடிய சிப்பியில் எங்களுக்குச் சிறுமுத்து ஒன்று கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் பட்டியலில் நாங்கள் யோசிக்காமலே எழுதிய வரி ஒன்று இருந்தது. கேபினெட்டோடு சேர்ந்து வந்த மலிவான எஸ்.எம்.பி.எஸ். நான்காம் மாதம், மின்னழுத்தம் ஏறி இறங்கிய ஒரு மாலையில் அது கருகியது. மதர்போர்டையும் மெமரியையும் உடன் கொண்டுபோயிற்று. பழுதுபார்த்த அண்ணாச்சி அதைக் கையில் வாங்கி எடை பார்த்தார். “எல்லாத்தையும் தேடிப் பாத்து வாங்கிட்டு, இதப் போயி விட்டுட்டியளே தம்பி” என்றார். உள்ளே இருக்கவேண்டிய செம்புச் சுருளும் வெப்பத்தகடும் இல்லாததால் அது அத்தனை இலேசாக இருந்தது. வீட்டுக்கு என்ன சொல்வது என்று நால்வரும் வெகுநேரம் பேசாமல் நின்றோம்.

பிராசஸர் தாழ்ந்த பெட்டியில் வந்தாலும் அதைச் சலித்தவர் ஒருவர் உண்டு. குறிப்பிட்ட வேகத்துக்கு அவர் பொறுப்பு. அந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸை யாருமே சலித்திருக்கவில்லை. அட்டையில் அச்சிட்ட வாட் எண்ணைத் தவிர வேறு சாட்சி கிடையாது. சூதாடுவதானால் திறந்து பார்க்கத் தெரிந்த இடத்தில் ஆட வேண்டும். உப்பளங்கள் சூழ்ந்த ஊரில் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். உப்புக்காற்று உலோகத்தை அரிக்கும். மெமரியின் தொடுமுனைகளை அழிரப்பரால் தேய்த்துச் சுத்தம் செய்வதை நாங்கள் அந்த வருடமே பழகிக்கொண்டோம். முதன்முதலாகக் கோப்பவர் எஸ்.எம்.பி.எஸ்., யூ.பி.எஸ். இரண்டையும் பட்டியலின் தலையில் எழுதட்டும். மிச்சப் பணத்துக்கு ஏற்பப் பிராசஸரின் பெட்டியைத் தேர்ந்துகொள்ளட்டும்.

பென்சில் வழி விரைவிலேயே அடைபட்டது. 2001இன் அத்லான் எக்ஸ்.பி.யில் இணைப்புகளுக்கு நடுவே லேசரால் பள்ளம் வெட்டிவிட்டார்கள். சலிப்பு மட்டும் தொடர்கிறது. 2019 முதல் இன்டெல், வரைகலைப் பகுதி இயங்காத சில்லுகளை ‘எஃப்’ என்ற எழுத்துடன் விற்கிறது. தனி கிராபிக்ஸ் கார்டு போடுபவருக்கு அது நட்டமில்லாத பேரம். தூத்துக்குடியில் கடைசியாக நடந்த முத்துக்குளிப்புத் தொடர் 1955இல் தொடங்கி 1961இல் முடிந்தது. அதற்குப் பின் பிறந்த நாங்கள் யாரும் சலாபத்தைக் கண்டதில்லை. எங்கள் நால்வரின் முதல் சலாபம் அந்த 2002ஆம் ஆண்டுப் பட்டியல்தான். அந்தத் தாள் இன்னும் எங்களிடம் இருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ். என்ற வரிக்கு எதிரே விலைகூட எழுதப்படவில்லை.