மதுவரியும் மக்கள் நலமும்

போதைப்பொருள் பற்றிய பாடத்திலே தேர்வுக்கு ஆயத்தஞ் செய்யும் மாணவர் பெரும்பாலும் உடலியலையும் உளவியலையுமே கருத்திற் கொள்வர். சாராயம் ஈரலைக் கெடுக்குமாறும், அபின் நரம்பை மயக்குமாறும் அறியவேண்டியனவே. எனினும், ஓர் ஊரிலே தவறணை திறக்கப்பட்டது ஏன், அதன் ஊதியம் சென்றடைந்தது எங்கே என்னும் வினாக்களுக்கு விடை உடனூலில் இல்லை. அரசின் வரவுசெலவுக் கணக்கிலேயே உளது.

குடி மிகப் பழையது. அதனை விலக்குதற்கு வள்ளுவர் 93ஆம் அதிகாரத்தையே வகுத்தனர். ஆயின், குடியை அரசிறைக்கு ஊற்றாக்கும் குத்தகைமுறை இலங்கையில் ஒல்லாந்தர் ஆட்சியிலே வேரூன்றியது. 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், பின்னர்த் தம் ஆணைக்குட்பட்ட கரையோரங்களிலே சாராயம் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டனர். அவர்க்குப் பின் வந்த ஆங்கிலேயர் அம்முறையை விரிவாக்கினர். மிக்க தொகை கேட்டவருக்கே உரிமை ஏலத்தில் வழங்கப்பட்டது. கட்டிய தொகைக்கு மேல் விற்றாலன்றிக் குத்தகைகாரருக்கு ஊதியமில்லை. விற்பனை குறையின் அடுத்த ஏலத்திலே அரசுக்கு நட்டம். ஆகவே குடிப்போர் தொகை பெருகுவது இருவர்க்கும் நன்மையாயிற்று. இதுவே இம்முறையின் உள்ளார்ந்த குற்றமாகும்.

நெல்வரியின் வரலாறு இதற்கு மாறானது. வலப்பனைப் பகுதியிலே வரி செலுத்தமாட்டாத உழவரின் வயல்கள் விற்கப்பட்டமை பெருங் கண்டனத்தை எழுப்பியது. 1892இல் ஹவ்லொக் தேசாதிபதி காலத்தில் அவ்வரி நீக்கப்பட்டது. சித்தாண்டி முதலிய வாவிக்கரை வயலூர்களின் உழவர்க்கு நெல்லின் மீதிருந்த சுமை அகன்றது; சாராயத்தின் மீதான வருவாயோ தொடர்ந்தது. முன்னது உழவன் அறியக் களத்திலே பெறப்பட்டது. பின்னது அவன் அறியாவாறு தவறணையிலே பெறப்பட்டது. கண்ணுக்குத் தோன்றாத வரியை எதிர்ப்பார் அரியர்.

அவ்வெதிர்ப்பும் காலப்போக்கில் எழுந்தது. 1904இல் தென்னிலங்கையிலே மதுவொழிப்பு இயக்கம் வலுப்பெற்றது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் கள் விற்பனையைச் சாராய விற்பனையினின்றும் பிரித்தது. கள்ளுத்தவறணைகள் பல புதிதாகத் திறக்கப்படலாயின. ஒழுங்குபடுத்தும் நோக்கமென அரசினர் கூறியதை மக்கள் ஏற்கவில்லை. டி. பி. ஜயதிலக்கா, எவ். ஆர். சேனநாயக்கா முதலியோர் இயக்கத்தை நடத்தினர். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது அவர்களும் சிறை புகுந்தனர். அவ்வாண்டின் படைச்சட்டக் கொடுமைகளைச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் இலண்டன் வரை சென்று எடுத்துரைத்தார். மது பற்றிய கிளர்ச்சி இவ்வாறு நாட்டுரிமை பற்றிய கிளர்ச்சியோடு இணைந்தது. பிற்காலத்தில் தவறணையை மூடுவதா அன்றோ என ஊரார் வாக்களித்துத் துணியும் முறையும் நடைமுறைக்கு வந்தது. ஏலத்தில் ஒருபோதும் கேளாத ஊரின் குரல் வாக்கெடுப்பிலே கேட்டது. இவ்வியக்கத்தின் பெரும்பேறு அதுவே.

வருவாய்க்கு வேறு வழி காணாத மதுவிலக்கு நிலைக்குமா என்னும் வினாவுக்குத் தமிழகம் சான்று தரும். 1937ஆம் ஆண்டு ஒற்றோபர் முதலாந் திகதி சேலம் மாவட்டத்திலே மதுவிலக்கைத் தொடக்கிய இராசகோபாலாச்சாரியார், இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரியைப் புகுத்தினார். 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. பின்னர் 1983இல் அரசு வாணிபக் கழகம் ஒன்று தோன்றி, 2003இல் சில்லறை விற்பனையையும் தன்வயமாக்கியது. மதுக்கடையை மூடுதற்காக வந்த விற்பனை வரியும் நின்றது, மதுக்கடையும் திரும்பியது. ஒருமுறை ஈடுகண்டமை போதாது. மது வருவாயின்பால் அரசு கொண்ட நாட்டம் மீண்டும் மீண்டும் தலைதூக்கும் என்பதையே இது புலப்படுத்தும்.

இலங்கையில் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் அபினையும் கஞ்சாவையும் கட்டுப்படுத்தியது. 1984இல் அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை நிறுவப்பட்டது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயது நிரம்பாதவர்க்குப் புகையிலைப் பொருளும் மதுவும் விற்பதைத் தடுத்து, அவற்றின் விளம்பரத்தையும் விலக்கியது. இவை யாவும் வேண்டியனவே. ஆயினும் மதுவரி இன்றும் திறைசேரிக்குரிய வருவாயாகவே உளது. வரி உயருந்தோறும் வறியோர் சிலர் கசிப்பை நாடுவர். வரி தாழ்ந்தாலோ தவறணை நிறையும். இவ்விரு பக்கத்தையும் எடைபோடாது கூறும் தீர்வு எதுவும் முழுமையாகாது.

2017இல் கல்குடாவிலே எத்தனோல் உற்பத்திச்சாலை அமைப்பதை மட்டக்களப்பு மக்கள் எதிர்த்தபோதும் பழைய வழக்கே புதுவடிவில் எழுந்தது. தொழிலும் முதலீடும் ஒருபால். ஊரின் நலம் மறுபால். அறுவடைக் காசு வீட்டுக்கு வாராது வழியிலே கரைந்தால், நெல்லின்றி வாடுவோர் மனைவியரும் மக்களுமே; அவ்விழப்பு எந்த வரவுசெலவுக் கணக்கிலும் ஏறுவதில்லை. அந்த ஏறாத கணக்கையும் சேர்த்தெண்ணக் கற்ற மாணவனே இப்பாடத்தில் உண்மையாகத் தேறியவன் ஆவான்.