தண்டுவடம்

தண்டுவடம் (முண்ணாண்) என்பது மூளையுடன் சேர்ந்து மைய நரம்புத் தொகுதியை உருவாக்கும் உறுப்பாகும். முதுகெலும்பினுள் அமைந்துள்ள இது, மூளைக்கும் உடலுக்கும் இடையே செய்திகளைக் கடத்துகிறது. சில செயல்களை மூளையின் ஆணைக்குக் காத்திராமல் தானே நிகழ்த்தவும் செய்கிறது.

அமைப்பு

மூளையின் அடிப்பகுதியான முகுளத்தின் தொடர்ச்சியாகத் தொடங்கும் தண்டுவடம், வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 45 செ.மீ. நீளமுடையது. இது முதுகெலும்பின் முழு நீளத்துக்கும் செல்வதில்லை. பெரும்பாலும் முதலாம், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளின் அளவில் முடிந்துவிடுகிறது. எனவேதான் மூளைத் தண்டுவடப் பாய்மத்தைச் சோதனைக்கு எடுக்கும்போது, அவ்விடத்துக்குக் கீழே ஊசி செலுத்தப்படுகிறது.

தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகள் பிரிகின்றன. அவை கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, திருவெலும்பில் 5, வாலெலும்பில் 1 என அமைகின்றன. குறுக்காக வெட்டிப் பார்த்தால், நடுவில் வண்ணத்துப்பூச்சி வடிவில் சாம்பல்நிறப் பொருளும், அதனைச் சூழ்ந்து வெண்பொருளும் காணப்படும். முன்னதில் நரம்பணுக்களின் உடல்களும், பின்னதில் நீண்ட நரம்பிழைகளும் உள்ளன.

செய்தி கடத்தல்

ஒவ்வொரு நரம்பும் தண்டுவடத்துடன் இரு வேர்களால் இணைகிறது. பின்வேர் உணர்ச்சிகளை உள்ளே கொண்டுவருகிறது. முன்வேர் தசைகளுக்கான ஆணைகளை வெளியே கொண்டுசெல்கிறது. இவ்வேறுபாட்டை 1822ஆம் ஆண்டில் பிரெஞ்சு உடலியலாளர் பிரான்சுவா மகாந்தி தம் சோதனைகளால் தெளிவாக்கினார்.

பெருமூளையிலிருந்து வரும் இயக்க இழைகளுள் பெரும்பாலானவை முகுளத்தில் பக்கம் மாறுகின்றன. ஆகவே வலப்புறப் பெருமூளை உடலின் இடப்புறத்தை இயக்குகிறது.

மறிவினை

சூடான பாத்திரத்தில் விரல் பட்டவுடன் கை பின்வாங்குவது மறிவினை (அனிச்சைச் செயல்) ஆகும். உணர்ச்சி தண்டுவடத்தை அடைந்ததும், அங்குள்ள இடைநரம்பணுக்கள் வழியாக இயக்க நரம்பணுக்கள் தூண்டப்படுகின்றன. வலியை மூளை உணர்வதற்கு முன்பே கை விலகத் தொடங்கிவிடுகிறது. முழங்காலுக்குக் கீழே தட்டும்போது கால் உதைப்பது இதனினும் எளிய மறிவினை. இதில் இடைநரம்பணு இன்றி, உணர்ச்சி நரம்பணு நேரடியாக இயக்க நரம்பணுவைத் தூண்டுகிறது.

காயமும் விளைவுகளும்

தண்டுவடக் காயத்தின் விளைவு, அது ஏற்பட்ட உயரத்தைப் பொறுத்தது. மார்புப் பகுதியில் முழுமையாக அறுபட்டால் கால்கள் செயலிழக்கும், கைகள் இயங்கும். கழுத்துப் பகுதியில் அறுபட்டால் கைகளும் பாதிக்கப்படலாம். மூச்சுக்கு இன்றியமையாத உதரவிதானத்தை இயக்கும் நரம்பு, கழுத்தின் 3, 4, 5ஆம் பகுதிகளிலிருந்து வருகிறது. ஆகவே அவற்றுக்கு மேலே ஏற்படும் முழுக் காயம் மூச்சை நிறுத்திவிடும்.

கை, கால்களில் உள்ள நரம்புகள் அறுபட்டால் மெதுவாக மீண்டும் வளரக்கூடும். தண்டுவட இழைகள் அவ்வாறு வளர்வது மிக அரிது. எனினும் 1981ஆம் ஆண்டில் சாமுவேல் டேவிட், ஆல்பர்ட் அகுவாயோ ஆகியோர், கால் நரம்பின் துண்டை ஒட்டிவைத்தால் எலிகளின் மைய நரம்பிழைகள் அதனுள் வளர்வதைக் காட்டினர். வளரும் திறன் முற்றிலும் அழிந்துவிடவில்லை என்பதும், சுற்றுச்சூழலே அதனைத் தடுக்கிறது என்பதும் இதனால் புலனாயின.

முதலுதவி

முதுகெலும்பு முறிந்தும் தண்டுவடம் அறுபடாமல் இருக்கக்கூடும். அந்நிலையில் அடிபட்டவரைத் தூக்கி உட்காரவைப்பதோ கழுத்தைத் திருப்புவதோ தண்டுவடத்தைச் சேதப்படுத்தலாம். ஆகவே வேறு உடனடி ஆபத்து இல்லாதபோது, தலையையும் கழுத்தையும் அசையாமல் தாங்கிப் பிடித்து, மருத்துவ உதவி வரும்வரை காத்திருத்தல் வேண்டும்.